இடியப்பத்தில் என்ன மா?

மட்டக்களப்பிலிருந்து தெற்கே போகும் பஸ் பெரியநீலாவணையைத் தாண்டிவிட்டால் ஊருக்கும் ஊருக்கும் இடையில் வெளி கிடையாது. மருதமுனை முடிகிற இடத்தில் பாண்டிருப்பு தொடங்கும். பிறகு கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊருமாக, மதிலோடு மதில் ஒட்டியபடி போகும். கிழக்கே சில ஒழுங்கைகள் நடந்தால் கடல். மேற்கே நடந்தால் வட்டை, கண்ணுக்கெட்டிய மட்டும் நெல். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் பூமி இது. அறுவடைக் காலத்தில் சம்மாந்துறைப் பக்கம் போனால் ஆலைகளில் அவியும் நெல்லின் மணம் பஸ்ஸுக்குள்ளேயே வரும். நாடு தின்னும் அரிசியில் கணிசமான பங்கு அம்பாறை மாவட்டத்திலிருந்துதான் போகிறது.

இந்த அரிசியை நம்பித்தான் நான் இந்தக் கரைக்குப் புறப்பட்டேன். எனக்குக் கோதுமை ஆகாது. தின்ற சில நாட்களில் இரண்டு முழங்கைகளிலும் இரண்டு முழங்கால்களிலும் பின்புறத்திலும் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பும். கிளம்புவதற்கு முன்பே அந்த இடம் எரியத் தொடங்கிவிடும். கொப்புளத்தைக் கொப்புளமாக யாரும் பார்ப்பது அரிது. அதற்குள் நகம் அதைக் கிழித்துவிடும். வைத்தியர் முன்னால் போய் நிற்கும்போது கையில் இருப்பது கீறலும் பொருக்கும் கறுத்த தழும்பும் மட்டுமே.

இதன் பெயர் டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபோர்மிஸ். சீலியாக் என்ற நோய் தோலில் காட்டும் முகம் இது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைச் சிலருடைய உடல் பகையாக எடுத்துக்கொள்கிறது. அந்தப் பகையில் உடல் தன் சொந்தக் குடலையே தாக்குகிறது. குடலின் உட்சுவரில் உணவின் சத்தை உறிஞ்சும் மெல்லிய விரல்கள் தேய்ந்து தட்டையாகின்றன. எங்களைப் போன்ற சிலருக்குச் சண்டை தோலிலும் நடக்கிறது. தோல் நோயாகக் காட்டுகிற பலருக்கு வயிற்றில் எந்தக் குறையும் தெரியாது. அதனால்தான் தோலில் கடிக்கும்போது தட்டிலிருக்கும் பாணை யாரும் சந்தேகிப்பதில்லை.

என்னிடமும் வருடக்கணக்கில் யாரும் பாணைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. சிரங்கு என்று சொல்லி வீட்டில் எல்லோருக்கும் லோஷன் பூசக் கொடுத்தார்கள். எக்ஸிமா என்று கிறீம் கொடுத்தார்கள். வெயில் ஒவ்வாமை, சவர்க்கார ஒவ்வாமை, மன அழுத்தம் என்றெல்லாம் சொன்னார்கள். ஊரில் பெரியவர்கள் கிரந்தி என்றார்கள். நண்டு, இறால், சூரைமீன், கத்தரிக்காய், அன்னாசி எல்லாம் நின்றன. உடம்புச் சூட்டைத் தணிக்க அம்மா நாள்தோறும் பார்லி அவித்த தண்ணீர் தந்தார். அந்தப் பார்லியிலும் குளூட்டன் இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கடைசியில் ஒரு தோல் வைத்தியர்தான் சட்டையைக் கழற்றச் சொல்லி, வலது முழங்கையையும் இடது முழங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி. அந்தச் சமச்சீர்தான் அவருக்குத் துப்புக் கொடுத்தது.

கிரந்தி உணவுப் பட்டியலைப் பற்றிப் பயணத்தில் நிறைய யோசித்தேன். எந்த ஊரில் கேட்டாலும் ஏறத்தாழ ஒரே பட்டியல்தான். கடலில் கிடைப்பது, தோட்டத்தில் காய்ப்பது எல்லாம் அதில் இருக்கும். கோதுமை இருக்காது. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. எங்கள் கொள்ளுப் பாட்டிகள் அந்தப் பட்டியலைக் கைமாற்றித் தந்தபோது கோதுமை அன்றாடச் சாப்பாடாக இருக்கவில்லை. அவர்கள் பார்க்காத தானியத்தை அவர்களால் விலக்கச் சொல்ல முடியாது. பட்டியலில் கொஞ்சம் உண்மையும் உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். இந்த நோய் முற்றி எரியும் காலத்தில் அயடீன் மிகுந்த கடலுணவு கொப்புளத்தைத் தூண்டக்கூடும் என்பது வைத்தியர்களுக்குத் தெரிந்த விடயம். நண்டு தின்றால் கடி கூடுகிறது என்று சொன்ன கிழவியை நான் இப்போது மறுத்துப் பேசுவதில்லை. ஆனால் அயடீன் தூண்டுவது மட்டும்தான், நோயின் வேர் குளூட்டனில் இருக்கிறது.

கல்முனையில் இறங்கியபோது மாலையாகியிருந்தது. மாலையானால் இந்தக் கரை முழுக்க ஒரே ஓசை, கொத்துரொட்டி போடும் தகட்டின் ஓசை. கடைக்குக் கடை தாளம் வேறாக இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் ரோல்ஸ், கட்லட், பட்டிஸ், சமோசா, மீன் பாண். பக்கத்தில் அடுக்கிய பராட்டா. முட்டை ஆம்லட் கேட்டால் பராட்டா சுட்ட அதே கல்லில் ஊற்றுவார்கள். கோழிப் பொரியலுக்கு சோயா சோஸ், அந்தச் சோஸிலும் கோதுமை. பிளேன்டியும் வாழைப்பழமும் தவிர அந்தக் கடை வாசலில் எனக்கென்று ஒன்றும் இல்லை. ஊரைச் சுற்றி இத்தனை ஏக்கர் நெல் நிற்க, ஊரின் அந்திச் சாப்பாடு முழுக்கக் கப்பலில் வந்த தானியமாகிவிட்டது என்பது எனக்குத் துக்கமாக இருந்தது.

இது ஒரே நாளில் நடந்ததல்ல. அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மா பல பத்தாண்டுகளுக்கு முன்பே கூப்பன் கடை வழியாக வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. அதை இன்றும் அமெரிக்கன் மா என்பவர்கள் உண்டு. 1980இல் திருகோணமலை சீனன்குடாவில் பிரீமா ஆலை இயங்கத் தொடங்கிய பிறகு கோதுமை இங்கேயே அரைபட்டது. மா மலிந்தது, பேக்கரிகள் பெருகின. யுத்த காலத்து அகதி முகாம்களிலும், 2004 டிசம்பர் 26 சுனாமியில் மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் சிதைந்த நாட்களிலும் கைக்கு உடனே கிடைத்தவை பாணும் பிஸ்கட்டும் நிவாரண மாவும்தான். பசித்தவனுக்கு அது உயிர் தந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

சாய்ந்தமருதில் ஒரு நண்பரின் வீட்டில் தங்கினேன். அவருடைய உம்மா என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "என்ன மனே, மெலிஞ்சு போயிட்டீங்க, என்ன திண்ணுவீங்க?" விளக்கினேன். கோதுமை, பார்லி, ரவை, அவற்றில் செய்த எதுவும் கூடாது, ஒரு சிட்டிகை பட்டாலும் கூடாது என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப உங்களுக்கு அது ஹராம் மாதிரி" என்றார். மார்க்கச் சட்டமாக அவர் அதைச் சொல்லவில்லை. எவ்வளவு கவனம் வேண்டும் என்பதைத் தனக்குத் தெரிந்த அளவுகோலால் அளந்துகொண்டார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு நான் அந்தச் சமையலறையில் எதையும் இரண்டாம் முறை விளக்க வேண்டியிருக்கவில்லை. கரண்டி மாறக் கூடாது, எண்ணெய் கலக்கக் கூடாது, பாத்திரம் கழுவாமல் எடுக்கக் கூடாது என்பதையெல்லாம் அவரே சொன்னார்.

இந்தக் கரையின் முஸ்லிம் ஊர்களில் நான் கண்ட பெரிய ஆறுதல் இதுதான். வேறு இடங்களில் சாப்பாட்டு மேசையில் "இதில் என்ன போட்டீர்கள்" என்று கேட்டால் முகம் சுருங்கும். நம்பவில்லையா என்று நினைப்பார்கள். இங்கே ஹலால் பார்த்து உண்ணும் பழக்கம் தலைமுறைகளாக இருப்பதால் பொதியைத் திருப்பி எழுத்தை வாசிப்பதும், கறியில் என்ன இருக்கிறதென்று கேட்பதும் மரியாதைக் குறைவாகப் படுவதில்லை. கேட்பவன் தன் உடலையும் தன் நம்பிக்கையையும் காக்கிறான் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சீலியாக் உள்ளவன் வாழ்நாள் முழுக்கச் செய்ய வேண்டிய வேலையும் அந்தக் கேள்வியைக் கேட்பதுதான்.

ஆனாலும் கேட்டால் மட்டும் போதாது என்பதை மறுநாள் விடியலில் கண்டேன். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு பெண்ணின் வீடு மாளிகைக்காட்டில் இருந்தது. சுபஹுக்கு முன்பே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நண்பர்தான் அழைத்துப் போனார்.

"ராத்தா, இது என்ன மா?"

"அரிசி மாதான் தம்பி."

"கோதுமை மா கொஞ்சமும் சேர்க்கிறல்லயா?"

"அது கொஞ்சம் சேக்கத்தானே வேணும். இல்லாட்டி முறிஞ்சு போகும். கடைக்காரங்களுக்கு வெள்ளையா, மெதுவா இரிக்கணும். பாதிக்குப் பாதி போடுவன்."

அவர் பொய் சொல்லவில்லை. இடியப்பம் என்றால் அரிசி மாச் சாப்பாடு, அதில் கோதுமை மா ஒரு கைப்பாகம், உப்புப் போடுவது போல. யாரும் உப்பைக் கணக்கில் சொல்வதில்லை. இலங்கையில் குளூட்டன் கூடாதவர்களுக்கு இதுதான் மிகப் பெரிய பொறி. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இது புதிதாக இருக்கும், ஏனென்றால் அங்கே இடியப்பமும் தோசையும் ஆப்பமும் பொதுவாக அரிசியும் உளுந்தும்தான். இங்கே கோதுமை மாவை அவித்து அரித்து, அரிசி மாவோடு கலந்து புட்டும் இடியப்பமும் செய்வது வீட்டு வழக்கம். தோசை மாவிலும் அவித்த மா சேரும். அப்பத்திலும் சில கடைகளில் சேரும். பாணை விலக்குவது எளிது, அது பாண் என்று கண்ணுக்குத் தெரிகிறது. அரிசியின் பெயரில் வருகிற கோதுமையைத்தான் விலக்க முடியாது. நான் கோதுமையை விட்ட பிறகும் என் முழங்கைகள் நெடுநாள் ஆறாமல் இருந்ததற்கு இந்த இடியப்பம்தான் காரணம் என்று பிறகுதான் தெரிந்தது.

எவ்வளவு கலந்தால் கேடு? நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனே சீலியாக் நோயாளியின் குடலைச் சில மாதங்களில் கெடுக்கப் போதும் என்று இத்தாலிய ஆய்வொன்று 2007இல் காட்டியது. ஒரு துண்டுப் பாணில் இருப்பது சில கிராம். அப்படியானால் 50 மில்லிகிராம் என்பது கிள்ளி எடுத்த ஒரு துணுக்கு. குளூட்டன் அற்றது என்று ஒரு பொதியில் எழுத வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக உணவு நியமம். பாதிக்குப் பாதி கலந்த இடியப்பத்துக்கு முன்னால் இந்த எண்களைப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

அந்த ராத்தாவிடம் தனி அரிசி மாவில் அவித்துத் தர முடியுமா என்று கேட்டேன். சிரித்தார். "எங்கட உம்மா அப்படித்தான் அவிப்பாங்க. அவவுக்கு ஏது கோதுமை மா?" சிவப்பரிசி மாவை வறுத்து வைத்திருந்தார். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஊற்றிக் குழைத்தார். தண்ணீர் கொஞ்சம் ஆறினாலும் இழை முறியும் என்றார். உரலைச் சுடுநீரில் கழுவச் சொன்னபோது அடியிலுள்ள துளைகளில் காய்ந்த மா ஒட்டியிருந்ததைத் தானே குச்சியால் குத்தி எடுத்துக் காட்டினார். பிழிய இரட்டிப்பு வலு வேண்டியிருந்தது. வந்த இடியப்பம் தடிப்பாக, மண் நிறத்தில், நெல் வாசனையோடு இருந்தது. பால்சொதியும் மாசிச் சம்பலும் சேர்த்து நானும் நண்பரும் அவருடைய பிள்ளைகளும் தின்றோம். பிள்ளைகள் இன்னும் கேட்டார்கள். செய்முறை ஒன்றும் தொலைந்து போகவில்லை, வெள்ளை நிறத்துக்கும் மலிவுக்கும் முன்னால் அது பின்னால் நகர்ந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

கடற்கரைப் பக்கம் நடந்தோம். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகையின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேறும், கந்தூரி நடக்கும், எல்லா ஊரிலிருந்தும் சனம் வரும். அன்று பள்ளி வாசல் அமைதியாக இருந்தது. சாய்ந்தமருதுக் கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வைத்து நண்பர் தன் உறவுப் பெண் ஒருவரின் கதையைச் சொல்லத் தொடங்கினார். மதியம் அவரே வீட்டுக்கு வந்தார்.

தையல் தொழில். முழங்கையை மறைக்கும் நீண்ட சட்டை. எனக்கு என்ன வியாதி என்று கேள்விப்பட்டுத்தான் வந்திருக்கிறார். மணந்து பிள்ளை பெற்ற பிறகு தொடங்கிய கடி, பல வருடமாக இருக்கிறது. பூசாத மருந்தில்லை. "ஒண்டு மட்டும் எனக்கு விளங்கல்ல" என்றார். "இருவத்திரெண்டுல மா விலை ஏறின நேரம் நாங்க பாண் வாங்குறத விட்டுட்டம். சோறும் மரவள்ளிக் கிழங்கும்தான். அந்த வருசம் எனக்குக் கடி குறைஞ்சு போய்ட்டு. பொறகு எல்லாம் வழமைக்கு வந்த கையோட அதுவும் வந்திட்டு. அல்லாஹ்தான் அறிவான்."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இதே கதை உலகத்தில் ஒருமுறை நடந்திருக்கிறது. நெதர்லாந்தில் வில்லம் டிக்கே என்ற பிள்ளை வைத்தியர், பாண் தின்றால் சீலியாக் பிள்ளைகள் நலிகிறார்கள் என்று 1930களிலேயே ஐயப்பட்டு வந்தார். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் அந்த நாடு பட்டினியில் கிடந்தது. பாண் மறைந்தது. ஊரே மெலிந்தபோது அவருடைய சீலியாக் பிள்ளைகள் தேறினார்கள். நிவாரணமாகப் பாண் திரும்பி வந்ததும் மீண்டும் நோயுற்றார்கள். அவர் அதை அளந்து, நிறுத்து, 1950இல் ஆய்வேடாக எழுதினார். அதற்கு முன் பல நூற்றாண்டுகளாக அந்த நோய்க்குப் பெயர் இருந்தது, காரணம் தெரியாமல் இருந்தது.

தோலுக்கு விடை இன்னும் தாமதமாகவே வந்தது. அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் லூயிஸ் டூரிங் 1884இல் இந்தக் கொப்புள நோயைத் தனி நோயென்று பிரித்துக் காட்டினார். லண்டனில் சாமுவேல் ஜீ 1887இல் சீலியாக் நோயைப் பற்றிப் புகழ்பெற்ற விரிவுரை செய்தார். இரண்டும் ஒரே வேரின் இரண்டு கிளைகள் என்பது, இங்கிலாந்தின் நியூகாசில் வைத்தியர்கள் 1966இல் தோல் நோயாளிகளின் குடலைச் சோதித்துப் பார்க்கும் வரை தெரியவில்லை. எண்பது வருடம். தோல் வைத்தியர் தோலைப் பார்த்தார், வயிற்று வைத்தியர் வயிற்றைப் பார்த்தார். ஒருவரின் நோயாளியை மற்றவர் பார்க்க எடுத்த காலம் அது.

அந்தப் பெண்ணிடம் உங்களுக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. நான் வைத்தியன் இல்லை. அவருடைய 2022 ஒரு கேள்வி, சான்றாகாது. ஆனால் ஒன்றை அழுத்திச் சொன்னேன்: சோதனைக்கு முன் கோதுமையை நிறுத்த வேண்டாம். கேட்கும்போது விசித்திரமாக இருக்கும், ஆனால் மிக முக்கியம். இரத்தத்தில் பார்ப்பது குளூட்டன் தின்பதால் கிளம்பும் எதிர்ப்புப் பொருட்களை. தோலில் பார்ப்பது, கொப்புளத்துக்குப் பக்கத்திலுள்ள நல்ல தோலிலிருந்து சிறு துண்டெடுத்து அதில் ஐஜிஏ என்ற புரதம் படிந்திருக்கிறதா என்பதை. கோதுமையை விட்டுவிட்டால் இரத்தச் சோதனை சுத்தமாகக் காட்டிவிடலாம், குடலும் ஆறிப்போயிருக்கும், பிறகு நோய் இருந்ததா இல்லையா என்று உறுதியாகச் சொல்வது கடினமாகிவிடும். அந்தத் தோல் சோதனை எல்லா வைத்தியசாலையிலும் நடப்பதில்லை. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு வைத்தியசாலையுமாக இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. அங்கே தொடங்கி, தோல் வைத்தியரிடம் நோயின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். பெயரை ஒரு தாளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தேன்.

மருந்தைப் பற்றியும் கேட்டார். டாப்சோன் என்ற குளிசை இருக்கிறது. தொடங்கிச் சில நாட்களில் கடி அடங்கும். அந்த நிம்மதியை அனுபவித்தவருக்குத்தான் தெரியும். ஆனால் அது தோலை மட்டும் அடக்கும், குடலைத் தொடாது. இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது என்பதால் ஜி6பிடி என்ற நொதி உடலில் போதுமா என்று முன்னரே பார்க்க வேண்டும், தொடர்ந்தும் இரத்தம் சோதிக்க வேண்டும். உண்மையான மருந்து குளூட்டன் இல்லாத சாப்பாடு. அது தோலில் முழுப் பலன் காட்ட மாதங்கள் ஆகும், சிலருக்கு இரண்டு வருடமும் ஆகும். அதுவரை குளிசை துணை நிற்கும், பிறகு மெல்லக் குறைக்கலாம்.

இங்கே இன்னொரு சங்கடம் உண்டு. டாப்சோன் தொழுநோய்க்கும் கொடுக்கும் மருந்து. மட்டக்களப்பு வாவியில் மாந்தீவு என்ற தீவில் தொழுநோய் வைத்தியசாலை இருந்த பிரதேசம் இது. அந்தத் தீவின் பெயரே முந்தைய தலைமுறையை நடுங்க வைத்தது. கையில் புண்ணோடு ஒருவர் மருந்துத் துண்டை நீட்டினால் பாமசியில் நிற்பவர் கண் கைக்குப் போகும். எனக்கு அது நடந்திருக்கிறது. ஊருக்குள் ஒரு பெண்ணுக்கு, கலியாணம் பேசும் வயதில் மகள் இருக்கும் வீட்டில், அது எவ்வளவு பெரிய பாரம் என்று அந்தத் தையல்காரப் பெண் வாய் திறந்து சொல்லவில்லை, சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டார். தொழுநோயும் இன்று குணமாகும் நோய்தான். சீலியாக் கடி யாருக்கும் தொற்றாது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழர்களுக்கு இந்த நோய் வராது, இது வெள்ளைக்காரரின் நோய், மிஞ்சினால் பஞ்சாபியரின் நோய் என்று வைத்தியம் படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். பி. எஸ். ராமகிருஷ்ணாவும் கோவிந்த் மகாரியாவும் மற்றவர்களும் சேர்ந்து இந்தியாவின் மூன்று பகுதிகளில் இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்புப் பொருள் வடக்கில் நூற்றுக்கு 1.23 பேரிடம் இருந்தது, தெற்கில் 0.10 பேரிடம்தான். இந்த இடத்தில் நிறுத்தினால் நாங்கள் தப்பித்தோம் என்று தோன்றும். ஆனால் நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வடக்கில் 38.1 சதவீதத்தினரிடம் இருந்தது, தெற்கில் 36.4 சதவீதத்தினரிடம். ஏறத்தாழச் சமம். வேறுபட்டது கோதுமை: வடக்கில் ஒருவர் நாளுக்குச் சராசரி 455 கிராம், தெற்கில் 25 கிராம். விதை எங்களிடமும் இருக்கிறது. சோறுதான் இதுவரை காத்தது. காலையில் பாண், பகலில் மட்டும் சோறு, இரவில் கொத்துரொட்டி என்று மாறிய கரையில் அந்தக் காப்பு எவ்வளவு நாள் நிற்கும் என்று இந்த மண்ணின் வைத்தியர்கள் தேடிப் பார்க்க வேண்டும். அரிதென்று முடிவு கட்டிய நோயை யாரும் தேடுவதில்லை, தேடாதது அரிதாகவே இருக்கும்.

சம்மாந்துறையில் மா அரைக்கும் மில் ஒன்றுக்கும் போனேன். இங்கே பயம் குறைவு, ஏனென்றால் கோதுமை மாவாகவே கடைக்கு வருகிறது, மில்லுக்கு வருவது அரிசி, குரக்கன், மிளகாய், மல்லி. ஆனால் சத்துமாவுக்கென்று பார்லியும் கோதுமையும் வறுத்துக் கொண்டுவருபவர்கள் உண்டு. அவர்களுக்குப் பிறகு அரைத்தால் என் அரிசி மாவில் அது கலக்கும். மில்காரர் சொன்ன வழி எளிது: காலையில் முதல் ஆளாக வாருங்கள், முதலில் விழும் ஒரு சுண்டு மாவைத் தள்ளிவிடுங்கள். வெளிநாட்டில் குளூட்டன் அற்றது என்று அச்சடித்த மா வாங்கக் கொடுக்கும் விலை எனக்குத் தெரியும். இங்கே அரிசிக்கும் அரைகூலிக்கும் மட்டும் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

நிந்தவூரில் ஒரு கலியாணம். நண்பரின் உம்மா முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டார். சஹனில் சோறு, மாட்டிறைச்சி, கோழி, கத்தரிக்காய், பருப்பு. சமையல் செய்த காக்கா என்னைத் தனியாக அழைத்து ஒவ்வொரு சட்டியாகத் திறந்து காட்டினார். கோழியில் சோஸ் ஊற்றியிருந்தது, அதை விடச் சொன்னார். இறைச்சி ஆணம் தேங்காய்ப் பாலும் சரக்கும் மட்டும். வட்டிலப்பம் முட்டை, கருப்பட்டி, தேங்காய்ப் பால், ஏலம். "இத நீங்க நம்பித் திண்ணுங்க தம்பி." ஒரே தட்டில் சுற்றி உட்கார்ந்தவர்கள் கோழித் துண்டுகளைத் தங்கள் பக்கம் ஒதுக்கி, என் பக்கத்துச் சோற்றை விட்டுவிட்டார்கள். நெடுங்காலத்துக்குப் பிறகு ஒரு கலியாண வீட்டில் பொதி கட்டிக்கொண்டு போகாமல், எல்லோரோடும் உட்கார்ந்து வயிறார உண்டேன். நோன்புக் கஞ்சி, தொதல், கிண்ணத்தப்பம், குரக்கன் புட்டு, மரவள்ளி, வற்றாளைக் கிழங்கு என்று இந்தக் கரையின் பழைய சாப்பாட்டை எண்ணிப் பார்த்தால், சீலியாக் உள்ளவனுக்கு இதைவிட நல்ல ஊர் அமைவது கடினம். பிந்தி வந்த கோதுமை மா ஒன்றுதான் இடையில் நிற்கிறது.

கடை வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இடியப்பத்திலும் புட்டிலும் தோசையிலும் கோதுமை மா சேர்த்தால் சேர்த்ததாகச் சொல்லுங்கள், ஒரு மட்டையில் எழுதி அலுமாரியில் ஒட்டிவிடுங்கள். தனி அரிசி மா இடியப்பம் ஒரு தட்டு, வேறு உரலில், தினமும் அவித்து வையுங்கள், சீனி வியாதிக்காரரும் உங்களைத் தேடி வருவார்கள். வாசிக்கிறவர்களுக்கு: இரண்டு முழங்கையிலும் இரண்டு முழங்காலிலும் வருடக்கணக்கில் ஆறாத கடி உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ இருந்தால், சிரங்கு மருந்து பலிக்காமல் போயிருந்தால், டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபோர்மிஸ் என்ற பெயரை எழுதிக்கொண்டு தோல் வைத்தியரிடம் போங்கள். சோதனை முடியும் வரை பாணை நிறுத்த வேண்டாம்.